நடந்து போகும் தூரத்தில் ஒரு விடுமுறை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வருடக் கடைசி விடுமுறை நெருங்க நெருங்க உங்கள் இதழில் பயணப் பக்கங்கள் கூடிக்கொண்டே போகின்றன. பனிமலை, கடற்கரை, மூன்று நாள் திட்டம், ஐந்து நாள் திட்டம் என்று ஆசையாகத்தான் படிக்கிறேன். ஆனால் விடுமுறைக்கு எங்கும் போக முடியாத வீடுகள் நிறைய உண்டு. டிக்கெட் கிடைக்காத வீடு, கைக்குழந்தை உள்ள வீடு, உடம்புக்கு முடியாத பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீடு. அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் வீடும் அப்படி இருந்தது. என் மாமியாருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்த நேரம். போட்டிருந்த பயணத்தை ரத்து செய்தோம். பெண்ணுக்குப் பதினொரு வயது, பையனுக்கு ஏழு. இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சரி, இருட்டிய பிறகு ஒரு நடை போய்வரலாம் என்று, தெருவிளக்கு வெளிச்சம் அதிகம் விழாத ஒரு விளையாட்டுத் திடலுக்கு அழைத்துப் போனேன். பத்து நிமிட நடைதான்.

டிசம்பர் வானத்தை நான் அதற்கு முன் அப்படி நின்று பார்த்ததில்லை. கிழக்கே மூன்று நட்சத்திரங்கள் ஒரே கோட்டில், அளந்து வைத்தது போலச் சம இடைவெளியில். அதற்கு ஒரு பக்கம் லேசாகச் சிவந்து திருவாதிரை, மறுபக்கம் நீலம் கலந்த வெள்ளையில் ரைஜல். அந்த மூன்று நட்சத்திரக் கோட்டை அப்படியே மேலே நீட்டிக்கொண்டு போனால் ரோகிணி, அதையும் தாண்டினால் கொத்தாகக் கார்த்திகை. பையன் கார்த்திகையை விரல் விட்டு எண்ணினான். ஆறு என்றான். நம் முன்னோர் அதை அறுமீன் என்று சொன்னதை அப்போதுதான் அவனிடம் சொன்னேன். "நான் சொல்லாமலே அவங்களும் ஆறுன்னு எண்ணியிருக்காங்களாம்மா?" என்று கேட்டான். அதே கோட்டைக் கீழே நீட்டினால் சிரியஸ். இரவு வானத்தில் நமக்குத் தெரியும் நட்சத்திரங்களிலேயே அதுதான் பிரகாசமானது. அன்று அது இன்னும் எழவில்லை. அது வரும்வரை வீட்டுக்கு வரமாட்டேன் என்று இரண்டு பேரும் அடம் பிடித்தார்கள். காத்திருந்தோம். மரங்களுக்கு மேலே அது நடுங்கிக்கொண்டே ஏறி வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினோம்.

மறுநாள் காலை பெண் ஒரு பெரிய கறுப்பு சார்ட்டை எடுத்து, முந்தின இரவு பார்த்ததை நினைவில் இருந்து பென்சிலால் குறித்தாள். காம்பஸ் முனையால் ஒவ்வொரு புள்ளியிலும் துளை போட்டாள். சிரியஸுக்கு மட்டும் பென்சிலையே நுழைத்துத் துளையைப் பெரிதாக்கினாள். திருவாதிரைக்குப் பின்னால் சிவப்புக் கண்ணாடிப் பேப்பர் ஒட்டினாள். பின்பக்கம் சீரியல் லைட்டை ஓடவிட்டு, பாட்டி படுத்திருந்த அறைச் சுவரில் மாட்டினோம். மாடிப்படி ஏற முடியாத, வாசல் தாண்ட முடியாத என் மாமியார் அந்த டிசம்பர் வானத்தைக் கட்டிலில் இருந்தே பார்த்தார். "அந்தச் செவப்பு எது கண்ணு?" என்று தினமும் ஒரு தடவை கேட்பார். பையன் தினமும் பதில் சொல்வான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம். வெளியே போய்ப் பார்த்துவிட்டு வருவதுதான் வீட்டில் அலங்காரமாகிறது. நடையில் பொறுக்கிய காய்ந்த விதைக்கூடுகளும் உதிர்ந்த இறகும் சுள்ளியும் ஜன்னலில் தொங்குகின்றன. கடையில் வாங்கிய பொருளை இரண்டு நாளில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தானே பொறுக்கி வந்த விதைக்கூட்டை வருகிறவர் எல்லோருக்கும் காட்டுகிறார்கள்.

காகித நட்சத்திரமும் செய்கிறோம். ஜெர்மனியில் மொராவியன் திருச்சபையினர் நடத்திய ஒரு விடுதிப் பள்ளியில், 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், வடிவியல் பாடத்துக்காகச் செய்யத் தொடங்கியதுதான் பல முனைகள் கொண்ட அந்த நட்சத்திரம் என்று சொன்னதும், கணக்கென்றால் ஓடும் என் பெண் அளவுகோலோடு உட்கார்ந்துவிட்டாள். ஒரு கூம்பு சரியாக வராவிட்டால் பக்கத்துக் கூம்பு ஒட்டாது. பிரித்து, மடித்து, மறுபடி ஒட்டி, ஒரு நட்சத்திரத்துக்கு முழுதாக இரண்டு மாலை வேளைகள் ஆனது.

விளக்கு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். மின்விளக்கு வருவதற்கு முன் கிறிஸ்துமஸ் மரத்தில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். அதனால் நேர்ந்த தீவிபத்துகள் கொஞ்சமல்ல. எடிசனோடு வேலை செய்த எட்வர்ட் ஜான்சன் 1882இல் நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் 80 சின்ன மின்விளக்குகளைச் சுற்றியதில் இருந்துதான் இந்தச் சீரியல் லைட் வழி பிறந்தது. இருந்தாலும் பழைய இழை பல்பும் சூடாகும். காகிதத்துக்குள், அட்டைக்குப் பின்னால் அதை வைக்கவே கூடாது, எல்இடி மட்டும்தான். போன வருடத்து வயரை எடுக்கும்போது முழு நீளத்தையும் விரலால் தடவிப் பார்க்கிறேன். எங்காவது உறை வெடித்திருந்தால் டேப் சுற்றிச் சமாளிப்பதில்லை, ஒதுக்கிவிடுகிறேன். படுக்கப் போகும்முன் பிளக்கைப் பிடுங்கிவிடுவோம்.

இருட்டும் இந்தப் பருவத்தின் பாதி அழகு என்பதை ஒரு செடி எனக்குச் சொல்லிக்கொடுத்தது. சிவப்பு இலைகளோடு விற்கும் பாயின்செட்டியாவை ஒரு டிசம்பரில் வாங்கி, வருடம் முழுக்கத் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன். அடுத்த டிசம்பரில் செடி செழித்திருந்தது, ஆனால் ஒரு இலைகூடச் சிவக்கவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தச் சிவப்பு பூவிதழ் அல்ல, பூவைச் சுற்றியுள்ள இலைகள். மெக்சிகோவில் இருந்து வந்த அந்தச் செடிக்கு, இலை சிவக்க, பல வாரங்கள் தொடர்ந்து நீண்ட இரவு வேண்டும். நான் தொட்டியை வைத்திருந்த ஜன்னலில் தெருவிளக்கு விடிய விடிய அடித்துக்கொண்டிருந்தது. இடத்தை மாற்றினேன். அதற்கடுத்த டிசம்பரில் சிவந்தது.

பகல் நேரத்துக்குப் பறவை பார்ப்பதைச் சொல்வேன். அமெரிக்காவில் விடுமுறை நாளில் கூட்டமாகப் போய்ப் பறவைகளைச் சுட்டுத்தள்ளும் போட்டி ஒன்று இருந்தது. அதற்குப் பதிலாகச் சுடாமல் எண்ணுவோம் என்று ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர் 1900 கிறிஸ்துமஸ் அன்று தொடங்கினார். முதல் வருடம் 27 பேர் கலந்துகொண்டார்கள். அந்தக் கணக்கெடுப்பு இன்றும் டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரை நடக்கிறது. வீட்டுக்குப் பக்கத்துக் குளக்கரையிலோ பூங்காவிலோ ஒரு நோட்டும் பென்சிலுமாக அரைமணி நேரம் நின்றால் போதும். பெயர் தெரியாத பறவைக்கு என் பையன் தானே ஒரு பெயர் வைத்துக் குறித்துக்கொள்கிறான். அப்புறம் நூலகத்தில் புத்தகம் பார்த்துத் திருத்துகிறான். நூலகத்துக்குப் போவதற்கும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். டிசம்பர் இதழ்களில் பயணப் பக்கங்களுக்கு நடுவே ஒரே ஒரு பக்கத்தை நடந்து போகும் தூரத்துக்கு என்று ஒதுக்குங்கள். அந்த வாரம் மாலை வானத்தில் என்ன தெரியும், நிலா எப்போது எழும், எந்தப் பறவைகள் வந்திருக்கும், குழந்தைகள் கையால் செய்ய ஒரு அலங்காரம், இவ்வளவு போதும். டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிகற்கள் உச்சத்தில் பொழியும். அதை ஒரு வாரம் முன்பே அச்சில் போட்டுவிட்டால், பாயையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு எத்தனையோ குடும்பங்கள் திறந்தவெளிக்குப் போய்ப் படுத்துப் பார்க்கும். என் மாமியார் இப்போது கைத்தடியோடு நடக்கிறார். இந்த முறை அவரும் திடலுக்கு வருகிறார். மடக்கு நாற்காலியை எடுத்து வைத்தாயிற்று.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி