வில் செய்து தந்த ஆசாரியாருக்கும் உடன் நின்றவர்களுக்கும் நன்றி

மதுரை இசையன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

என் பழைய வயலின் வில்லின் முனை முறிந்த பிறகு எனக்கு வாய்த்திருக்கும் புதிய வில்லைப் பார்க்கிறவர்கள், அதை எந்த நாட்டிலிருந்து வரவழைத்தேன் என்றே கேட்கிறார்கள். அது திருப்பரங்குன்றம் சாலையை ஒட்டிய சிறிய பட்டறை ஒன்றில், வீணைகளைப் பழுதுபார்த்தே தலை நரைத்த ஓர் ஆசாரியார் கையால் உருவானது. தம் பெயரை எழுதக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், பெயர் சொல்லாமலே இந்த நன்றியைத் தெரிவிக்கிறேன்.

கர்நாடக சங்கீதத்தில் வயலினை முதலில் கையாண்டவர்களில் ஒருவரான பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1858) காலத்திலேயே நம் சங்கீதத்துக்குள் வந்துவிட்ட வாத்தியத்துக்கு, நல்ல வில் மட்டும் இன்றும் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வருகிறது. அதற்கு உகந்த பெர்னம்பூக்கோ, பிரேசிலில் வளரும் மரம். 2007 முதல் அதன் பன்னாட்டு வணிகம் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது. அதற்கு நெடுநாள் முன்பே வாங்கிப் பரணில் துணி சுற்றி வைத்திருந்த கட்டையை, விலை பேசாமல் எடுத்துக் கொடுத்த ஓய்வுபெற்ற இசையாசிரியருக்கு என் முதல் வணக்கம்.

வில்லின் வளைவை மரத்திலேயே செதுக்கி எடுப்பதில்லை. அப்படிச் செய்தால் மரத்தின் நார் ஓட்டம் நடுவே அறுபட்டுத் தண்டு வலுவிழந்துவிடும். ஆசாரியார் தண்டை முதலில் நேராகவே இழைத்து, பிறகு கரி அனலின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் காட்டி, உள்வரை சூடேறி இளகிய இடத்தை மட்டும் வளைத்து, அது ஆறும்வரை பிடியைத் தளர்த்தாமல் உட்கார்ந்திருந்தார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. என்னைத் தோடி ராகம் வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டவர், "காந்தாரத்துல வில்லு தள்ளாடுது டீச்சரம்மா, முனையில பாரம் கூட இருக்கு" என்று வாங்கி, கண்ணாடிச் சில்லால் தூள் தூளாகச் சுரண்டித் திரும்பக் கொடுத்தார். வயலின் கற்றவரல்லர் அவர். கற்ற சிலருக்கும் இந்தக் காது வாய்ப்பதில்லை என்பது என் எண்ணம். இப்போது அந்தக் காந்தார ஸ்வரத்தின் அசைவு முழுவதும் ஒரே வில் இழுப்பில், அழுத்தம் மாறாமல் வருகிறது.

பிடியில் சுற்ற வெள்ளிக் கம்பி இழுத்துத் தந்தவர் தெற்கு ஆவணி மூல வீதிப் பொற்கொல்லர். நகைத் தராசிலேயே வில்லையும் நிறுத்து, 61 கிராம் என்று காட்டி, கூலி வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். வயலின் வில் 60 கிராமை ஒட்டி இருப்பதே வழக்கம் என்பதால், எனக்கிருந்த கவலையும் அங்கேயே தீர்ந்தது. முடியை இறுக்கும் கருங்காலிக் கட்டையை ஆசாரியாரின் மகன் கடைந்தார். சென்னையில் இருக்கும் என் மாணவி ஒருவர் வெள்ளைக் குதிரைவால் முடி வாங்கி அனுப்பினார். ஒரு வில்லுக்கு ஏறத்தாழ 150 இழைகளுக்கு மேல் வேண்டும். முறுக்கும் முடிச்சும் உள்ளவற்றை ஒவ்வொன்றாகக் கழித்து ஒதுக்கியவர்கள் என் வகுப்புப் பிள்ளைகள். செலவுக்கென்று பெற்றோர்கள் சேர்த்துக் கொடுத்த தொகைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அத்தொகையில் மீந்ததை ஆசாரியாரிடமே கொடுத்திருக்கிறோம். முடி தேய்ந்த வில் வைத்திருக்கும் மாணவர்கள் யாராயினும் அவரிடம் புது முடி கட்டிக்கொள்ளலாம். வில்லைத் தளர்த்தி, முடியில் பூசும் பிசினான ரோசினைத் துடைத்துக் கொண்டுவரும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறார்.

நன்றியுடன்,
வயலின் ஆசிரியை ஒருவர்,
மதுரை