படகில் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

இங்கிலாந்தின் ரென்பரியில், நேரோபோட் என்னும் ஒடுங்கிய கால்வாய்ப் படகு ஒன்றை ஒரு வாரத்துக்கு எடுத்து, கால்வாய் வழியே வேல்ஸிலுள்ள லாங்கோலன் வரை போய்த் திரும்பப் போவதாக நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைவாகத்தான் இருக்கிறது. நானும் உன் அம்மாவும் முதன்முதலாகப் படகு ஓட்டியதும் அந்தக் கால்வாயில்தான் என்பதால், தொலைபேசியில் சொல்ல விட்டுப்போனதை எழுதுகிறேன்.

ஏழடி அகலம்கூட இல்லாத அந்த எஃகுப் படகு பத்து டன்னுக்கு மேல் எடையுள்ளது, அதற்கு பிரேக்கும் கிடையாது. ரிவர்ஸ் கியர் போட்டுத்தான் நிறுத்த வேண்டும், அதுவும் மெல்லத்தான் நிற்கும். ஆகவே கரையிலோ பாலத்திலோ மோதப் போகிறது என்று தெரிந்தாலும், கையையோ காலையோ நீட்டித் தடுக்க யாரையும் விடாதே, மோதினால் மோதட்டும். பின்புறம் நின்று சுக்கான் பிடியை இடப்பக்கம் தள்ளினால் முகப்பு வலப்பக்கம் திரும்பும் என்பது அரை மணி நேரத்தில் கைக்குப் பழகிவிடும். வேக வரம்பு மணிக்கு 4 மைல். போகும் மைல்களையும், தண்ணீர் மட்டத்தைக் கூட்டிக் குறைத்துப் படகை ஏற்றி இறக்கும் கதவறைகளான லாக்குகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால், எத்தனை மணி நேரம் ஆகும் என்பது ஏறக்குறைய தெரிந்துவிடும்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது லாக்குகளைப் பற்றித்தான். போகும்போது ஏற்றம்; கிரிண்ட்லி புரூக்கில் மூன்று தனி லாக்குகளும், அடுத்து மூன்று அறைகள் படிக்கட்டுபோல் ஒட்டிய லாக்கும் வரும். சீசனில் அங்கே லாக் கீப்பர் இருப்பார். அவர் சொல்வதை அப்படியே கேள். திரும்பும்போதுதான் இறக்கம், ஆபத்தும் அதில்தான் அதிகம். மேல்கதவுக்கு அடியில், நிறைந்த தண்ணீருக்குள் மறைந்து ஒரு கல்திட்டு நீட்டிக்கொண்டிருக்கும்; அதை சில் என்பார்கள். தண்ணீர் இறங்க இறங்க, படகின் பின்பாகம் அந்தத் திட்டில் உட்கார்ந்துவிட்டால் முகப்பு மட்டும் கீழே போய், சில நிமிடங்களில் படகே மூழ்கிவிடும். லாக்கின் விளிம்பில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். படகு முழுவதும் அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்கிறதா என்று, சுக்கான் பிடித்திருப்பவர் கடைசிவரை திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டும்.

இதற்குப் பயந்து நான் செய்த தவறை நீ செய்யக் கூடாது. படகு பின்னால் நகர்ந்துவிடுமோ என்று, இறங்கும்போது கயிற்றைக் கரையிலிருந்த இரும்புத் தூணில் முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டேன். தண்ணீர் இறங்கியது, கயிறு இறங்கவில்லை. ஈரக் கயிறு முறுக்கேறி, அதிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் பிழிந்து விழுந்ததை இன்றும் கண்ணெதிரே காண்கிறேன். படகு ஒருபக்கமாகச் சாய, உள்ளே அலமாரியிலிருந்த தட்டுகள் சரிந்து விழும் சத்தமும் உன் அம்மாவின் குரலும் ஒன்றாகக் கேட்டன. பின்னால் காத்திருந்த படகுக்காரர் ஓடிவந்து கீழ்க்கதவில் தண்ணீரை வெளியே விடும் அடைப்புகளான பேடில்களை மூடி, மேலிருந்து மெல்லத் தண்ணீர் விட்டுப் படகை உயர்த்திய பிறகுதான் முடிச்சை அவிழ்க்க முடிந்தது. கயிற்றைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைக் கையில் பிடித்துத் தளர்த்திக்கொண்டே இரு. முடிச்சு மட்டும் வேண்டாம். பின்னால் எத்தனை படகுகள் காத்திருந்தாலும் அவசரப்படாதே.

ட்ரெவர் அருகே பொன்ட்கெசில்தே தொட்டிப்பாலம் வரும். பொறியாளர்கள் டெல்ஃபோர்டும் ஜெசப்பும் கட்டி 1805-இல் திறந்தது. 307 மீட்டர் நீளம், டீ ஆற்றுக்கு மேல் 38 மீட்டர் உயரம். நம் மாத்தூர் தொட்டிப்பாலத்தில் தண்ணீர் போவதை நடந்தபடி பார்த்திருக்கிறாய். இங்கே அந்தத் தண்ணீரில் நீயே மிதந்து போவாய். நடைபாதை உள்ள பக்கத்தில்தான் கம்பி வேலி. மறுபக்கம் இரும்புத் தொட்டியின் விளிம்பு மட்டுமே, அதற்கப்பால் வெறும் வெளி. பேரனை அந்தப் பத்து நிமிடமும் மாப்பிள்ளை பக்கத்திலேயே வைத்துக்கொள்ளட்டும். அதைத் தாண்டினால் லாங்கோலன் வரை சில இடங்களில் ஒரு படகுக்கு மட்டுமே வழி இருக்கும். எதிரே படகு வருகிறதா என்று பார்க்க ஒருவரைக் கரையோரம் முன்னே நடக்கவிடு. எதிர்நீரோட்டமும் இருப்பதால் அங்கே நேரம் கூடுதலாகும்.

என் பழைய தோல் கையுறைகளைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கயிறு பிடிப்பவருக்குக் கொடு.

அன்புடன்,
அப்பா