39 பாட்டோடு நின்றுவிடாதே

கோயம்புத்தூர்
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணுக்கு,

நீ அனுப்பிய செய்தியை இரண்டு தடவை படித்தேன். மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் என் பழைய அறைத்தோழன், உன் அங்கிள் வீட்டுக்குச் சாப்பிடப் போனது, அவனும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் ராத்திரி பதினொன்று வரை தி ஃபால் என்ற அந்த ஊர் ராக் குழுவைப் பற்றியே சண்டை போட்டது, கிளம்பும்போது உன் கையில் ஒரு இரட்டை சிடியைத் திணித்து, இது போதும், 1998க்கு அப்புறமே ஒன்றும் இல்லை, இதற்குப் பின்னால் வந்ததைக் கேட்டு நேரத்தை வீணாக்காதே என்று அனுப்பிவைத்தது, எல்லாம் எழுதியிருந்தாய். "அப்பா, அவர் சொல்வது சரியா?" என்று கேட்டிருந்தாய். போனில் இரண்டு வரியில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அந்த சிடி. '50,000 ஃபால் ஃபேன்ஸ் கான்ட் பி ராங்', 2004ல் வந்தது, 39 பாட்டு. தலைப்பு எல்விஸ் பிரெஸ்லியின் பழைய தொகுப்பு ஒன்றிலிருந்து எடுத்தது. அங்கே 5 கோடி ரசிகர்கள், இங்கே 50 ஆயிரம். அருமையான தொகுப்பு, அதில் சந்தேகமே இல்லை. அந்தக் குழு மாறிய இசைத்தட்டுக் கம்பெனிகளைச் சொன்னால் மூச்சு வாங்கும்: ஸ்டெப் ஃபார்வர்டு, ரஃப் டிரேட், காமெரா, பெகர்ஸ் பேங்க்வெட், ஃபோன்டானா, அதற்கு மேலும் பல. ஒவ்வொரு கம்பெனியும் தன் அலமாரியில் இருந்ததை மட்டும் தொகுத்து விற்றது. 90களில் மிச்சம் மீதி டேப்புகளை அள்ளிப்போட்டு வந்த தொகுப்புகளும் உண்டு. காசு கொடுத்து வாங்கியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அவற்றைத் தொடாதே. இவ்வளவு சிதறலுக்கு நடுவே எல்லாக் காலத்தையும் வரிசையாக வைத்த தொகுப்பு உன் கையில் இருப்பது. நூறு தடவை கேள்.

ஆனால் அது 2004ல் நின்றுவிடுகிறது. குழுவின் பாடகர் மார்க் ஈ. ஸ்மித் நிற்கவில்லை. 2005 முதல் 2017 வரை இன்னும் எட்டு ஸ்டுடியோ ஆல்பம் போட்டார். அந்தப் பன்னிரண்டு வருடத்தையும் மிச்சம் மீதி என்று ஒதுக்கினால் என்னால் பேசாமல் இருக்க முடியாது.

தொகுப்புகளை நான் குறைத்துப் பேசுவதாக எண்ணிவிடாதே. அவை இல்லையென்றால் அந்தக் குழு எனக்கு 1986லேயே முடிந்துபோயிருக்கும். மான்செஸ்டரில் யுமிஸ்ட் கல்லூரியில் டெக்ஸ்டைல் படிக்க 1984ல் போனேன். ரஷோமில் ஒரு அறை, குளிருக்கு நாணயம் போட்டு எரியவிடும் கேஸ் ஹீட்டர், உன் அங்கிளின் டிரான்சிஸ்டர். இரவு 10 மணிக்கு பிபிசி ரேடியோ ஒன்னில் அறிவிப்பாளர் ஜான் பீலின் இசை நிகழ்ச்சி. 1985 ஜூனில் ஒரு ராத்திரி, படிப்பைத் தள்ளி வைத்துவிட்டு இருவரும் தி ஃபால் பீலுக்காகப் பதிவு செய்த நான்கு பாட்டைக் கேட்டோம். 'ஸ்பாயில்ட் விக்டோரியன் சைல்ட்' அதில் ஒன்று. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அந்தத் தாளத்தை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. தறி ஓடும் சத்தம் கண்ணு அது. நம் தாத்தா வேலை பார்த்த மில்லின் தறிக்கூடத்துக்குச் சின்ன வயதில் சோறு கொண்டுபோவேன். அங்கே கத்திப் பேசினால்தான் காதில் விழும். ஸ்மித்தும் அப்படித்தான், இசைக்கு மேல் பாடவில்லை, இயந்திரத்துக்கு மேல் கத்திப் பேசினார்.

படிப்பு முடிந்து திரும்பினேன். அந்தக் காலத்தில் கோவையில் எந்தக் கடையில் தி ஃபால் கிடைக்கும்? உன் அங்கிள்தான் அனுப்புவான். ஒவ்வொரு ஆல்பமாக அனுப்பத் தபால் செலவு கட்டாது, அதனால் தொகுப்பு வரும்வரை காத்திருந்து அனுப்புவான். 1990ல் '458489' என்று இரண்டு வந்தன, ஒன்று சிங்கிள் இசைத்தட்டுகளின் ஏ பக்கப் பாட்டுகள், இன்னொன்று பி பக்கம். அந்த எண் முதலில் புரியவில்லை. 45 என்பது இசைத்தட்டு சுழலும் வேகம், மற்றது 84 முதல் 89 வரை. நான் ஊர் திரும்பிய பின் நடந்ததெல்லாம் அந்த இரண்டு கேசட்டுகளில் வந்து சேர்ந்தது. பி பக்கத் தொகுப்புதான் எனக்கு உசத்தி. அதை நீ தொட்டிலில் கிடந்தபோதே கேட்டிருக்கிறாய், அம்மாவிடம் கேட்டுப் பார்.

அப்புறம் 2005ல் பீல் பதிவுகளின் பெட்டி. 1978 முதல் 2004 வரை அவருக்காகச் செய்த 24 பதிவுகளும் 6 சிடியில். பீல் அதற்கு முந்தைய அக்டோபரில் பெருவில் இறந்துபோயிருந்தார். பார்சலைப் பிரித்து நேராக 1985க்குப் போனேன். இருபது வருடம் கழித்து அதே ராத்திரி, அதே நான்கு பாட்டு, கோவையில் மத்தியானம் மூன்று மணி வெயிலில். உனக்கு அப்போது பரீட்சை. சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கத்தினாய்.

அந்தப் பெட்டியின் கடைசி சிடியில் 'பிளைண்ட்னஸ்' இருக்கிறது. ஒரே பேஸ் கிட்டார் வரி, விடாமல், விடாமல். அதே பாட்டு 2005ல் 'ஃபால் ஹெட்ஸ் ரோல்' ஆல்பத்திலும் வந்தது. பீல் பதிவா, ஆல்பம் பதிவா, எது சிறந்தது என்று உன் அங்கிளும் நானும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அவனுக்கு ஆல்பம். எனக்குப் பீலுக்காக வாசித்தது. அதில் ஒரு பதற்றம் இருக்கிறது, அடுத்த நொடி கட்டு அவிழ்ந்துவிடும் போல. நீயே இரண்டையும் கேட்டுச் சொல்.

இதில் ஒன்றைக் கவனித்தாயா? 1998க்கு அப்புறம் ஒன்றுமே இல்லை என்று சொல்கிற ஆள் 2005 ஆல்பத்துக்காக இருபது வருடமாக என்னோடு வாதாடுகிறான்.

அவன் 1998 என்று ஏன் சொல்கிறான் என்றால், ஸ்டீவ் ஹேன்லி. குழுவில் 1979 முதல் பேஸ் கிட்டார் வாசித்தவர். 1998ல் நியூயார்க்கில் மேடையிலேயே அடிதடி நடந்து, அதோடு அவர் விலகினார். ஹேன்லி இல்லாத தி ஃபாலா என்று கேட்பவர்கள் நிறைய, அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்குப் பின்னால் வந்தது எல்லாமே நன்றாக இருக்கிறது என்று நானும் சொல்ல மாட்டேன். 2001ன் 'ஆர் யூ ஆர் மிஸ்ஸிங் வின்னர்' பதிவே கரடுமுரடு. 2006ல் அமெரிக்கப் பயணத்தின் நடுவில் மூன்று பேர் விட்டுப் போனார்கள். ஸ்மித் அங்கேயே கிடைத்த அமெரிக்க இளைஞர்களை வைத்துப் பயணத்தை முடித்தார், அவர்களோடு ஒரு ஆல்பமும் செய்தார். 'ரிஃபார்மேஷன் போஸ்ட் டிஎல்சி'. அதில் 'தாஸ் போட்' என்று பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒன்று, முழுதாக உட்கார்ந்து கேட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை. 'எர்சாட்ஸ் ஜிபி'யும் எனக்கு ஒட்டவில்லை.

ஆனால் 2003ல் நடந்ததைக் கேள். ஆல்பம் முடிந்து வெளிவரும் முன்பே இணையத்தில் கசிந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் புலம்பியிருப்பார்கள். ஸ்மித் திரும்பப் போய்ப் பாட்டுகளை மாற்றி, பெயரையும் மாற்றி, 'தி ரியல் நியூ ஃபால் எல்பி' என்று வெளியிட்டார். திருடியவர்களிடம் இருப்பது பழசு, நிஜமானது இது! அதில்தான் 'தீம் ஃப்ரம் ஸ்பார்ட்டா எஃப்சி'. பின்னால் பிபிசி கால்பந்து முடிவுகள் சொல்லும் நிகழ்ச்சிக்கு அதையே இசையாகப் போட்டார்கள்.

அடுத்து 2008, 'இம்பீரியல் வாக்ஸ் சால்வென்ட்'. இதை நான் எந்த நிலையில் கேட்டேன் என்று உனக்குச் சொன்னதில்லை. நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். 2009ல் நான் வேலை பார்த்த மில்லை மூடினார்கள். எட்டு மாதச் சம்பளம் பாக்கி. எனக்கு 48 வயது. ஜவுளித் தொழிலில் அந்த வயதுக்காரனை யாரும் புதிதாக எடுப்பதில்லை. தினமும் காலையில் வேலைக்குப் போவது போலச் சட்டை மாட்டிக்கொண்டு வ.உ.சி. பூங்காவில் போய் உட்கார்ந்திருப்பேன், அம்மாவுக்குத் தெரியாமல். அந்த வாரங்களில்தான் காதில் ஹெட்ஃபோனை மாட்டி 'ஃபிஃப்டி இயர் ஓல்ட் மேன்' கேட்டேன். பதினொரு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு. ஐம்பதைத் தொட்ட ஒரு மனிதன், குரல் போய்விட்டது, பல் போய்விட்டது, இன்னும் உறுமுகிறான். அதில் ஒரு சொட்டுக் கெஞ்சல் இல்லை. பிறகு சோமனூர் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் சேர்ந்தேன். முதலாளிக்கு வயது 29, சூப்பர்வைசர்கள் எல்லாம் உன் வயதுப் பையன்கள். பழைய மில்லில் நாங்கள் எப்படிச் செய்தோம் என்ற பேச்சை முதல் நாளே விட்டேன். ஸ்மித்திடம் படித்தது அது.

ஏனென்றால் அவர் மேடையில் பழைய பாட்டுகளைப் பாடிப் பிழைக்கவில்லை. 1982 ஆல்பத்தை எதிர்பார்த்துப் போனவர்களுக்குப் புதிய ஆல்பத்தைத்தான் வாசித்துக் காட்டினார். பீட்டர் கிரீன்வே கிட்டார், டேவ் ஸ்பர் பேஸ், கீரன் மெல்லிங் டிரம்ஸ், மனைவி எலெனா பூலூ கீபோர்டு. அறுபதுக்கு மேற்பட்டவர்கள் வந்துபோன குழுவில் இந்த நால்வரும் ஸ்மித்தோடு எட்டு வருடத்துக்கு மேல் சேர்ந்து இருந்தார்கள். எந்தக் காலத்துக் கூட்டணியும் அவ்வளவு நாள் கலையாமல் இருந்ததில்லை. ஆனாலும் ரசிகர்கள் பேசுவதெல்லாம் 80களைப் பற்றித்தான். எனக்கு அது வருத்தம்.

நீ அடுத்து வாங்க வேண்டியது 2010ன் 'யுவர் ஃப்யூச்சர் அவர் கிளட்டர்'. ஒன்பதே பாட்டு. 'பரி' என்ற பாட்டைக் கேட்டுவிட்டு ஒரு சனிக்கிழமை பரி போகும் டிராமில் ஏறு. வழியில் பிரெஸ்ட்விச்சில் இறங்கு, ஸ்மித் வாழ்ந்த ஊர். அங்கே ஒரு மீன் வறுவல் கடையின் பக்கச் சுவரில் அவர் முகத்தைப் பெரிதாக வரைந்திருக்கிறார்கள். நீ தினமும் வேலைக்கு இறங்குகிறாயே அந்தத் துறைமுகப் பக்கம், அங்கேதான் குழு தொடங்கும் முன் அவர் கப்பல் குமாஸ்தாவாக இருந்தார். இன்று கண்ணாடிக் கட்டிடமாக நிற்கும் இடத்தில் உன் அங்கிளின் அப்பா மூட்டை இறக்கினார்.

தொகுப்பாகவே வேண்டும் என்றால், 2017 நவம்பரில் செர்ரி ரெட் வெளியிட்ட 'சிங்கிள்ஸ் 1978-2016' பெட்டி. 7 சிடி. 39 பாட்டு காட்டாத பின்பாதியும் அதில் இருக்கிறது. விலை அதிகம் என்றால் நான் பணம் அனுப்புகிறேன்.

இப்போது உன் அங்கிளைப் பற்றி. இதை அவனிடம் சொல்லாதே. அவன் எனக்கு அனுப்பும் ஒவ்வொரு சிடியின் பின் அட்டையிலும் பிடித்த பாட்டுக்கு நேராகப் பென்சிலால் டிக் போட்டு அனுப்புவான். '80களில் வந்தவற்றில் கூட ஏழெட்டுக்கு மேல் போடமாட்டான். 2010 ஆல்பத்தை இப்போதுதான் அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஒன்பதில் ஏழுக்கு டிக். 'வெதர் ரிப்போர்ட் 2' என்ற கடைசிப் பாட்டுக்கு இரண்டு டிக். அந்த ஆல்பத்தைப் பற்றி எனக்கு நான்கு பக்கம் எழுதினான்.

அவன் பேச்சு மாறியது 2017 நவம்பரில். கிளாஸ்கோவில் நடந்த கச்சேரிக்கு ரயில் ஏறிப் போனான். ஸ்மித்தைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். இங்கே விடிந்துகொண்டிருந்தபோது எனக்குப் போன் செய்தான். எந்தெந்தப் பாட்டு என்று கேட்டேன், சொல்லவில்லை. நாற்காலியைப் பற்றி மட்டும் சொன்னான். அதுதான் அவர்களின் கடைசிக் கச்சேரி. 2018 ஜனவரி 24ல் ஸ்மித் இறந்தார், வயது 60. 2017 ஜூலையில் வந்த கடைசி ஆல்பம் 'நியூ ஃபேக்ட்ஸ் எமெர்ஜ்' மட்டும் அவன் எனக்கு அனுப்பவே இல்லை. நானே தருவித்துக்கொண்டேன். அவன் அதைப் பிரித்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதனால் அடுத்த தடவை போகும்போது அவனோடு வாதாடாதே கண்ணு. அந்த ஆல்பத்தைக் கொண்டுபோய், கூட்டாளிகள் இல்லாத நாளாகப் பார்த்து, கடைசிப் பாட்டை மட்டும் போடு. 'நைன் அவுட் ஆஃப் டென்'. ஸ்மித்தும் கிரீன்வேயின் கிட்டாரும் மட்டும். பாட்டின் நடுவிலேயே ஸ்மித்தின் குரல் நின்றுவிடும், அதற்குப் பின் நிமிடக்கணக்கில் கிட்டார் தனியாகப் போய்க்கொண்டே இருக்கும். நீ எதுவும் பேச வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திரு.

முடிந்ததும் ஒரு பென்சிலைக் கொடு. அட்டையை டிசம்பரில் வரும்போது எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்
அப்பா