முருகேசுவுக்கு, சியாட்டிலிலிருந்து

அன்புள்ள முருகேசு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்து, வீட்டுக்குள் கம்பில்லாமல் நடக்கிறாய் என்று படித்த பிறகுதான் மனசு நிம்மதியானது. பிசியோ சொல்லிக்கொடுத்த பயிற்சியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் கல்லூரிக்குப் போய்விட்டதால் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. வசந்தியும் இப்போது மாலையில் என்னோடு உட்கார்ந்து பேஸ்பால் பார்க்கிறாள்.

2025 அக்டோபர் 20 ராத்திரியைப் பற்றி நீ ஒரு வரிகூடக் கிண்டலாக எழுதவில்லை. அதற்கு நன்றி, மாப்ளே. அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம், ஏழாவது இன்னிங்ஸ், 3-1 என்று நாங்கள் முன்னால் இருக்கிறோம். இன்னும் எட்டு அவுட் எடுத்தால் கோப்பைக்கான உலகத் தொடருக்குப் போகலாம். அப்போது உங்கள் டொராண்டோ ப்ளூ ஜேஸின் ஸ்பிரிங்கர் அடித்த, வேலிக்கு வெளியே பறந்து மூன்று ரன் தந்த அந்த ஹோம் ரன்! உலகத் தொடரில் ஒருமுறைகூட ஆடாத ஒரே அணி என்ற பேர் எங்கள் சியாட்டில் மரினர்ஸுக்கு அப்படியே நிற்கிறது. பிறகு அந்த உலகத் தொடரில் உங்கள் ப்ளூ ஜேஸும் ஏழாவது ஆட்டத்தில், பதினோராவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸிடம் தோற்றபோது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

சரி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். 'ஒரு கோப்பைகூட வாங்காத அணியில் அப்படி என்னதான் பார்த்தாய், யார் ஆடினால் உனக்குப் பரபரப்பு?' என்று கேட்டிருக்கிறாய். சிறந்த ஆட்டக்காரர் யார் என்று கேட்டிருந்தால் புள்ளிவிவரத்தை எடுத்துப் போட்டிருப்பேன். நீ கேட்டது வேறு. ஒருவர் ஆட வரும்போது, சாப்பிட ஏதாவது வாங்கலாம் என்று எழுந்தவர்கள் படிக்கட்டிலேயே நின்றுவிட வேண்டும். என் கணக்கில் அவர்தான் பரபரப்பான ஆட்டக்காரர். அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் அணியைப் போலக் கொடுத்துவைத்த அணி இல்லை.

முதல் இடம் இச்சிரோவுக்கு. இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. 2001-இல் அவர் வந்தபோது பலர் சந்தேகப்பட்டார்கள். அதுவரை ஜப்பானிலிருந்து வந்து இங்கே ஆடியவர்கள் பந்து எறிகிற பிட்சர்கள். ஒல்லியான உடம்போடு இவர் எப்படித் தாங்குவார் என்று பேச்சு. அந்த முதல் வருஷமே 242 ஹிட் (பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸுக்கு ஓடிச் சேர்வது) அடித்து, சிறந்த புதுமுகம், மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் என்று இரண்டு விருதையும் சேர்த்து வாங்கினார். அணி 116 ஆட்டம் ஜெயித்தது, 1906-இல் சிகாகோ கப்ஸ் வைத்த சாதனைக்குச் சமமாக. ஆனால் நான் சொல்ல வருவது எண்ணிக்கையை இல்லை. மற்றவர்கள் அடித்தால் பிட்சர் பக்கத்திலேயே உருண்டு செத்துப்போகிற பந்து, இச்சிரோ அடித்தால் ஓட்டப்பந்தயம் ஆகிவிடும். இடது கை பேட்டர் என்பதால் ஏற்கெனவே முதல் பேஸுக்கு ஓரடி பக்கம். போதாததற்கு பேட்டை வீசும்போதே உடம்பு அந்தப் பக்கம் கிளம்பியிருக்கும். எதிரணி ஃபீல்டர் பந்தை எடுக்கும்போதே கை பதறும். நீயும் நானும் வைகை மணலில் ஒற்றை ரன்னுக்கு உயிரைக் கொடுத்து ஓடியவர்கள் என்பதாலோ என்னவோ, வானத்துக்குப் பறக்கிற ஹோம் ரன்னைவிட இந்த ஓட்டம்தான் எனக்கு உயிர்.

அப்புறம் அவர் கை. 2001 ஏப்ரலில் ஓக்லண்டில் டெரன்ஸ் லாங் என்பவர் முதல் பேஸிலிருந்து மூன்றாவதுக்கு ஓடினார். ரைட் ஃபீல்டிலிருந்து இச்சிரோ எறிந்த பந்து தரையில் படாமல், வளையாமல், நேராக மூன்றாவது பேஸில் நின்றவர் கையுறைக்கு வந்தது. லாங் அவுட். இங்கே 'அந்த எறி' என்று சொன்னால் போதும், எல்லோருக்கும் தெரியும். 2004-இல் 262 ஹிட் அடித்து, 1920-இலிருந்து ஜார்ஜ் சிஸ்லர் பேரில் இருந்த 257 என்ற சாதனையை முறியடித்தார். 2025-இல், பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கிற ஹால் ஆஃப் ஃபேமுக்கு அவருக்கு 394 ஓட்டில் 393 கிடைத்தது. அந்த ஒரே ஒரு ஓட்டைப் போடாதவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

இரண்டாவது கென் கிரிஃபி ஜூனியர். சியாட்டில்காரர்கள் பலர் அவரைத்தான் முதலில் வைப்பார்கள். 19 வயதில் ஆட வந்தவர். 1990-இல் அவர் அப்பாவும் இதே அணிக்கு வந்து சேர, செப்டம்பர் 14 அன்று அப்பா ஒரு ஹோம் ரன், அடுத்த ஆளாக வந்த மகன் ஒரு ஹோம் ரன். அப்பாவும் பிள்ளையும் அடுத்தடுத்து அடித்தது பெரிய லீக்கில் வேறு எங்கும் நடக்கவில்லை. நான் 1998-இல் இங்கே வந்தபோது பழைய கிங்டோம் அரங்கத்தில் அவர் ஆடிப் பார்த்தேன். அந்த வீச்சைப் பார்த்தால் பலத்தைப் போட்டு அடிக்கிறார் என்றே தோன்றாது. அவ்வளவு சோம்பலாக, அவ்வளவு அழகாக இருக்கும். பந்து மட்டும் கூரை பக்கம் போய்க்கொண்டிருக்கும். அந்த வருஷம் 56 ஹோம் ரன்.

எட்கர் மார்ட்டினெஸ் பரபரப்பான ஆளா என்று கேட்டால், இல்லை. மெதுவாக ஓடுவார், அமைதியானவர். ஆனால் 1995 அக்டோபர் 8-ஐ விட்டுவிட்டு இந்த ஊரில் யாரும் பேஸ்பால் பேச முடியாது. நியூயார்க் யாங்கீஸுடன் நடந்த தொடரின் ஐந்தாவது, கடைசி ஆட்டம், பதினோராவது இன்னிங்ஸ், ஒரு ரன் பின்தங்கல். எட்கர் லெஃப்ட் ஃபீல்டு கோட்டோரம் அடித்தார். முதலில் ஜோயி கோரா வந்து சேர்ந்தார். அவர் பின்னாலேயே கிரிஃபி முதல் பேஸிலிருந்து ஒரே மூச்சில் ஓடிவந்து சறுக்கினார், 6-5. அணியையே வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அந்த அக்டோபரில்தான் புது அரங்கத்துக்கு மாநிலச் சட்டமன்றம் பணம் ஒதுக்கியது. அந்த ஆட்டத்தின் பதிவை உனக்கு அனுப்புகிறேன், பார்.

பிட்சர்களில் ராண்டி ஜான்சன். ஆறடி பத்து அங்குலம், இடது கை. பக்கவாட்டிலிருந்து பந்து வரும்போது இடது கை பேட்டர்கள் பயந்து ஒதுங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். நான் வந்த கோடையிலேயே அவரை ஹூஸ்டனுக்கு அனுப்பிவிட்டார்கள், அதனால் அதிகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸை ஆசை தீரப் பார்த்தேன். 2012 ஆகஸ்ட் 15, டாம்பா பே அணியோடு பகல் ஆட்டம்: 27 பேர் வந்தார்கள், 27 பேரும் அவுட், ஒருவர்கூட முதல் பேஸை மிதிக்கவில்லை. அதுவும் 1-0 ஆட்டம், ஒரு பந்து தவறினால் எல்லாம் போச்சு. மரினர்ஸ் சரித்திரத்தில் ஒரே பெர்ஃபெக்ட் கேம் அதுதான். பதினைந்து சீசன் இந்த ஒரே அணிக்கு எறிந்தார். சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் பிளே ஆஃப் சுற்றை ஒருமுறைகூடப் பார்க்காமல் போனார். மாப்ளே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

இப்போது ஆடுகிறவர்களில் கால் ராலே. 2025-இல் 60 ஹோம் ரன். இந்த எண்ணைத் தொட்டவர்கள் சரித்திரத்திலேயே ஏழு பேர்தான். இவர் வேறு பேட்டருக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்கிற கேட்சர்! உன் முழங்காலை வைத்தே யோசித்துப் பார். ஓர் ஆட்டத்தில் நூறு தடவைக்கு மேல் குந்தி எழ வேண்டும், தவறி வரும் பந்தை உடம்பில் வாங்க வேண்டும். அதற்குப் பிறகு வந்து அடிக்க வேண்டும். இதற்கு முன்னால் ஒரு சீசனில் கேட்சர் ஒருவர் அடித்த அதிகபட்சம் 48. 2022 செப்டம்பர் 30 அன்று ஒன்பதாவது இன்னிங்ஸில், இரண்டு அவுட் ஆன நிலையில், மாற்று ஆளாக வந்து அடித்து 21 வருஷப் பிளே ஆஃப் பஞ்சத்தை முடித்ததும் இவர்தான்.

ஹூலியோ ரோட்ரிகெஸைச் சேர்க்காமல் விட்டால் என் பெரியவன் சண்டைக்கு வருவான். 2023 ஆகஸ்டில் நான்கே ஆட்டத்தில் 17 ஹிட் அடித்தவர். சென்டர் ஃபீல்டில் சுவரேறி அவர் பிடிக்கிற கேட்சும் தனி விருந்து. அலெக்ஸ் ரோட்ரிகெஸை நான் வேண்டுமென்றே விடுகிறேன். திறமையில் இவர்கள் யாருக்கும் குறைந்தவர் இல்லை. ஆனால் 2000 சீசன் முடிந்ததும் டெக்சஸுக்குப் போனவர் என் பட்டியலில் வேண்டாம்.

உன் பட்டியலை எழுது. விளாடிமிர் குரேரோ ஜூனியர் கட்டாயம் இருப்பார், தெரியும். அவரைத் தவிர யார் என்று பார்க்கிறேன். ப்ளூ ஜேஸ் சியாட்டிலுக்கு வரும்போதெல்லாம் வான்கூவரிலிருந்து கனடாக்காரர்கள் வந்து பாதி அரங்கத்தை நிறைத்துவிடுவார்கள், உனக்குத் தனியாக இருப்பது போலவே தோன்றாது. கால் சரியானதும் லதாவையும் கூட்டிக்கொண்டு வா. தேதியைச் சொன்னால் நான் இப்போதே டிக்கெட் எடுத்து வைக்கிறேன், மூன்றாவது பேஸ் பக்கம், படி ஏறத் தேவையில்லாத வரிசையாகப் பார்த்து.

அன்புடன்,
செல்வம்