தாத்தா நினைவுகள்: ஞாயிறு மாலை 6 மணி

எல்லாருக்கும் வணக்கம். தாத்தா போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. ஞாயிறு மாலை வீடியோ அழைப்பில் சேர்ந்து அவரைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசலாம் என்கிறார் அத்தை. இணைப்பை அன்று காலை போடுகிறேன்.

அதற்குள் உங்களிடம் இருக்கும் படங்களை அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும்; டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே வரும். பழைய அச்சுப் படத்தை ஃபிளாஷ் போடாமல் ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள்.

அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எதையும் தயவுசெய்து அழிக்காதீர்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான், 11 விநாடி. அதில் பாதி தொண்டையைச் செருமுவது, அப்புறம் “சாப்பிட்டியாப்பா? சரி, வச்சிடறேன்.” அவ்வளவுதான்.

நேற்று அவர் அலமாரியைத் திறந்தோம். பேரப்பிள்ளைகள் 7 பேருக்கும் தனித்தனிக் கவர்! உள்ளே நாம் சின்ன வயதில் கிறுக்கியதெல்லாம், பின்பக்கம் பென்சிலில் தேதியோடு. என்னுடையதில் ஒரு யானை, அதற்கு ஐந்து கால். உங்கள் கவர்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஞாயிறன்று பாட்டியைப் பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். அவராகப் பேசினால், தயவுசெய்து யாரும் குறுக்கிடாதீர்கள்.