பிவா ஏரியின் நீலம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் நேற்று வந்தது. கியோட்டோ பயணத்தில் ஒரு நாளை ஓட்சுவுக்கு ஒதுக்கியிருக்கிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. ரயிலில் பத்து நிமிஷம்தான். அங்கே அருங்காட்சியகத்தில் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் 'ஓமி எட்டுக் காட்சிகள்' மரக்கட்டை அச்சுத் தாள்களைப் பார்க்கப் போவதால் (ஓமி என்பது பிவா ஏரியைச் சுற்றியுள்ள பகுதியின் பழைய பெயர்), எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். ஒன்றைத்தான் முதலில் சொல்வேன்: தண்ணீரைப் பார். அந்தத் தாள்களில் ஏரியை யாரும் வரையவில்லை. அச்சிடாமல் விட்ட வெறும் காகிதமும், ஓரத்தில் ஒரு பட்டை நீலமும்தான் ஏரி.

அந்தப் பட்டை ஓரத்தில் அடர்ந்து உள்ளே போகப்போகக் கரைந்து வெள்ளையாகிவிடும். இதற்கு 'பொகாஷி' என்று பெயர். இந்தப் பட்டையைக் கட்டையில் செதுக்குவதில்லை. அச்சடிப்பவர் ஒவ்வொரு தாளுக்கும் கையாலேயே அதைச் செய்கிறார். முதலில் ஈரத்துணியால் கட்டையைத் துடைப்பார். தூரிகையின் ஒரு மூலையில் மட்டும் சாயம் தொட்டு, கொஞ்சம் அரிசிக் கஞ்சிப் பசையும் சேர்த்து, பக்கவாட்டில் இழுப்பார். ஈரம் சாயத்தை வாங்கி மெல்லப் பரப்பும். அதன் மேல் காகிதத்தைக் கவிழ்த்து, மூங்கில் மடலால் சுற்றிய 'பாரென்' என்ற வட்டத் தட்டால் முதுகுப் பக்கம் தேய்ப்பார். ஈரம் கூடினால் நீலம் ஓடித் திட்டாகும். குறைந்தால் பட்டை கரையாமல் கோடு விழுந்த மாதிரி நின்றுவிடும். பசை போதாவிட்டால் எள் தூவியது போலப் புள்ளி புள்ளியாக வரும். அதனால்தான் ஒரே கட்டையில் அடித்த இரண்டு தாள்களின் ஏரி ஒன்றுபோல இருப்பதில்லை. ஒரே காட்சியின் இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் வைத்திருந்தால், மற்றதை விட்டுவிட்டு அங்கேயே நில்.

காகிதமும் ஈரமாகவே இருக்க வேண்டும். நடுவில் காய்ந்தால் சுருங்கும். அடுத்த நிறத்துக்கான கட்டை பொருந்தாது. கட்டையின் மூலையில் ஒரு 'ட' வடிவ வெட்டும், ஓரத்தில் ஒரு நேர்வெட்டும் இருக்கும். தாளை அந்த இரண்டிலும் முட்டவைத்துத்தான் ஒவ்வொரு நிறமும் ஏறும். கூரையின் விளிம்பில் மயிரிழை வெள்ளையோ, நிறம் கோட்டைத் தாண்டியிருப்பதோ தெரிந்தால் காரணம் இதுதான்.

நீலத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். இந்த வரிசை ஏறக்குறைய 1834-இல் வெளிவந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னால்தான் பெர்லின் நீலம் ஜப்பானிய அச்சுக்கடைகளில் பரவியது. வெளிச்சத்தில் அவ்வளவாக வெளுக்காத சாயம். அதற்கு முன் அவுரியும், 'ஆஒபனா' என்ற பூவின் சாறும்தான் நீலம். நம் வயல் வரப்பில் முளைக்கிற கானாவாழை இருக்கிறதே, அதன் சொந்தக்காரச் செடி அது. அதைப் பயிரிட்டுப் பேர் வாங்கிய ஊர் இதே பிவா ஏரிக்கரையில் உள்ள குசட்சு. ஆனால் அந்தச் சாறு ஒரு துளி தண்ணீர் பட்டாலே கலைந்துவிடும், வெளிச்சத்திலும் வெளுக்கும். ஏரிக்கரையில் விளைந்த நீலம் ஏரிப் படத்துக்குத் தாங்கவில்லை. கடல் கடந்து வந்தது தாங்கியது. எனக்கு இது எப்போது நினைத்தாலும் ஆச்சரியம்தான்.

காட்சிகளில் மூன்றைச் சேர்த்துப் பார்: யபசே திரும்பும் பாய்மரங்கள், ஹிரா மலையின் அந்திப் பனி, செட்டா பாலத்து அந்தி வெயில். கிழக்குக் கரையின் யபசேயிலிருந்து ஓட்சுவுக்குப் படகில் போனால் வழி குறைவு. ஆனால் ஹிரா மலையிலிருந்து இறங்கும் காற்று படகைக் கவிழ்க்கும். தெற்கே சுற்றிச் செட்டா நீளப் பாலத்தில் நடந்தால் தூரம் அதிகம், ஆபத்து இல்லை. 'அவசரமானால் சுற்றிப் போ' என்ற ஜப்பானியப் பழமொழி இந்த இடத்திலிருந்துதான் வந்தது. இது தெரிந்தபின் அந்த வெள்ளை மலை வெறும் அழகாக மட்டும் தெரியாது.

மற்றவற்றில் மீதெரா கோயிலின் அந்தி மணி ஓசையை எப்படிக் காட்டியிருக்கிறார் என்று பார். கரசாகி இரவு மழைதான் என் நெஞ்சுக்கு நெருக்கமானது. தாளை அடைத்து நிற்கும் ஒரே பைன் மரம், மேலிருந்து கீழ்வரை மழை. அந்த மழைக்கோடுகள் அச்சுக் கட்டையில் மயிரிழையாக நிறுத்திச் செதுக்கியவை. கட்டை தேயத் தேய முதலில் அறுவது அவைதான். கோடு அறுந்திருந்தால் பிந்திய அச்சு என்று ஓரளவு சொல்லலாம்.

அறை இருட்டாக இருக்கிறதே என்று சலித்துக்கொள்ளாதே. இந்த மாதிரித் தாள்களுக்கு 50 லக்ஸ் அளவுதான் வெளிச்சம் வைப்பார்கள். வெயிலிலிருந்து நேரே உள்ளே போனால் ஒன்றும் தெரியாது. பத்து நிமிஷம் கண் பழகட்டும். குசும்பாப் பூச் சிவப்பு சீக்கிரம் வெளுக்கும் என்பதால் கண்காட்சியின் பாதியில் தாள்களை மாற்றுவதும் உண்டு. போகிற தேதியில் எவை இருக்கும் என்று முன்பே விசாரி. நேர் எதிரே நின்று பார்த்தபின், குனிந்து பக்கவாட்டிலும் பார். பாரென் தேய்த்த சுழிகள் அப்போதுதான் தெரியும். குறிப்பெடுக்கப் பென்சில் கொண்டுபோ, பேனாவை விடமாட்டார்கள்.

வெளியே வந்ததும் கோசெய் ரயிலில் கரசாகியில் இறங்கு. இப்போது நிற்பது மூன்றாம் தலைமுறைப் பைன். ஏரியின் அந்தத் தெற்குப் பகுதி சராசரியாக 4 மீட்டர்தான் ஆழம். வடக்கே 40 மீட்டருக்கு மேல். கரையிலிருந்து தூரத்தில் நீலம் எங்கே அடர்கிறது, எங்கே கரைகிறது என்று பார்த்து எழுது. தாளில் பட்டை மேலேயா கீழேயா என்பதையும் மறக்காமல் சேர்த்து எழுது.

அன்புடன்,
சிவராமன்