மன்னாரில் இருக்கும் மகளுக்கு

அன்பின் மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி பழையபடியே இருக்கிறது. பனங்கிழங்கை அவித்துக் காயவைத்து நீ செய்து அனுப்பிய புழுக்கொடியல் மாப் பைக்கற்றுகள் சேதமின்றி வந்து சேர்ந்தன. உறையின் எழுத்து வடிவாக இருக்கிறது. ஆனால் முடிவுத் திகதியைக் குத்தியிருக்கும் மை ஈர விரல் பட்டதும் அழிகிறது, கடைக்காரர்கள் அதைக் காரணம் காட்டிச் சரக்கைத் திருப்பி அனுப்புவதற்கு முன் மாற்றிவிடு. அம்மா தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்துக் குழைத்துச் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பின்னேரம் தானாகவே இரண்டாம் முறை குழைத்தார். அதன் பொருள் உனக்குத் தெரியும்.

இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் அண்மைக்காலமாக நீ "எல்லாம் சரி, அப்பா" என்று தொடங்கி அதையே சொல்லி முடித்துவிடுவதால், நடுவில் எதையும் கேட்க எனக்கு இடம் கிடைப்பதில்லை. கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் கடிதம் எழுதியே காலம் கழித்தவனுக்கு எழுத்தில்தான் ஒழுங்காகப் பேச வரும்.

நீ கொழும்பு வேலையை விட்டதைப் பற்றி மறுபடியும் வாதாட நான் எழுதவில்லை. நீ மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது இந்த ஒழுங்கையில் யார் யார் வந்து கைகொடுத்தார்கள் என்பதும், வேலையை விட்டபோது அவர்களில் யார் யார் துக்கம் விசாரிப்பதுபோல வந்தார்கள் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. பொறியியல் படித்தவள் பனையோடு சேர்ந்த தொழிலுக்குப் போய்விட்டாள் என்று பெரியப்பா வீட்டில் பேசிய பேச்சை இந்தத் தாளில் எழுத எனக்கு விருப்பமில்லை. யாருடைய உழைப்பை இந்த ஊர் காலம் காலமாகக் கீழே வைத்து, அதன் பனங்கட்டியை மட்டும் மேலே வைத்துச் சாப்பிட்டது என்பதை அவர்களுக்கு ஒருநாள் நானே சொல்வேன். ஆனால் அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் நீ கைதடியையும் சாவகச்சேரியையும் விட்டுவிட்டு மன்னாருக்குப் போனாய் என்றால், அது எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கே வாடகை குறைவு என்றாய். அதையும் நான் நம்பத்தான் செய்கிறேன்.

கோழி மேய்த்தாலும் கவுண்மெந்தில் மேய்க்க வேண்டும் என்று உன் அப்பப்பா சொன்னதை நீ பகிடியாக எடுத்துக்கொள்கிறாய். அதைச் சொன்னவர் வாழ்நாளில் ஒரு நாளும் அரசாங்க வேலை பார்க்காதவர் என்பதை நினைத்துப் பார். மாத்தறையில் சுருட்டுக்கடை வைத்திருந்தவர். கடையில் சிங்களமும் வீட்டில் தமிழும் ஒரே வேகத்தில் பேசியவர். 1958 மே மாதக் கலவரத்தில் கடை போனபோது அவருக்குக் காசு தரவேண்டியவர்கள் எல்லாரும் மாத்தறையில் இருந்தார்கள், அவர் காசு கொடுக்கவேண்டிய புகையிலைத் தோட்டக்காரர்கள் எல்லாரும் இங்கே யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அங்கே வரவேண்டியதில் ஒரு சதமும் வரவில்லை. இங்கே கொடுக்கவேண்டியதை அவர் தோட்டக் காணியைப் பரப்புப் பரப்பாக விற்றுக் கொடுத்து முடித்தார். அவருடைய கடன் கொப்பி இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. எழுத்து மணிமணியாக இருக்கும், கூட்டலில் ஒரு பிழையும் கிடையாது.

அதற்குப் பிறகுதான் மாதச் சம்பளம் என்பது எங்கள் வீட்டில் கடவுளுக்கு அடுத்தபடியாக வந்தது. 1990 இல் போரால் மின்சாரம் நின்றது, பாதை அடைபட்டது, மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் அலைந்தோம். அந்த நிலையிலும் அரசாங்கம் கச்சேரிக்குச் சம்பளத்தை அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. 1995 ஒக்ரோபரில் ஊரே இடம்பெயர்ந்தபோது, உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நாவற்குழிப் பாலத்தை மழையில் கடந்தபோதும், தென்மராட்சிப் பக்கம் போய்ச் சேர்ந்தால் சம்பளம் எப்படியாவது வந்துவிடும் என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது. அதைக் கோழைத்தனம் என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் "பாதுகாப்பு, பாதுகாப்பு என்றே நீங்கள் எல்லாரும் வாழ்ந்துவிட்டீர்கள்" என்று சொன்னாய். அந்தப் பாதுகாப்பில்தான் நீ படித்தாய் என்று அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். அம்மா கண்ணைக் காட்டியதால் சொல்லவில்லை.

உன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்பதை 2022 எனக்குக் காட்டியது. சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனபோது என் ஓய்வூதியம் மாதம் தவறாமல் வந்தது, ஆனால் அதைக்கொண்டு வாங்கக்கூடிய சாமான் பாதியாகிவிட்டது. ஆகையால் சம்பளம் இருந்தால் போதும் என்று இனி நான் உனக்குச் சொல்லப்போவதில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியதையும் மறந்துவிடாதே. உலர்த்தி இயந்திரத்துக்கு நீ எடுத்த கடன் நிலையான வட்டியா, மாறும் வட்டியா என்று இதுவரை நீ எனக்குச் சொல்லவில்லை.

அந்த உலர்த்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மழை மூட்டத்தில் முற்றத்துப் பாயிலே கிடந்து கிழங்கு பூஞ்சணம் பிடிப்பதை நாங்கள் எல்லாரும் பிறந்த நாள் முதல் பார்த்திருக்கிறோம். பார்த்துவிட்டு மாட்டுக்குப் போட்டிருக்கிறோம். நீ தகரத்தையும் விசிறியையும் வைத்து நீயாகவே ஒன்றைச் செய்து, வெயில் இல்லாத நாளிலும் கிழங்கு கறுக்காமல் காய்வதை எனக்குக் காட்டினாய். "என்னால் எவ்வளவு முடியும் என்பதை நான் இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை, அப்பா" என்று அன்றைக்கு நீ சொன்னதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. எங்கள் காலத்தில் அப்படி ஒரு கேள்வியை யாரும் தன்னையே கேட்டதில்லை. கேட்க நேரமும் இருக்கவில்லை. கேட்கக்கூடிய ஒரு பிள்ளை எங்களுக்கு இருக்கிறாள் என்பதில் எனக்குப் பெருமைதான். நேரில் கேட்டால் மறுப்பேன்.

ஆனால் பொருளைச் செய்யத் தெரிந்ததால் மட்டும் வியாபாரம் நிற்காது. பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே சவர்க்காரம் செய்தவர்கள் இருந்தார்கள். துளி பெற்றோலில் இயந்திரத்தை இயக்கிவிட்டு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட வைத்தவர்கள் இருந்தார்கள். ஜாம் போத்தல் விளக்கில்தான் ஒரு தலைமுறையே படித்தது. கெட்டிக்காரர்கள், சந்தேகமில்லை. 2002 இல் ஏ9 பாதை திறந்து தெற்கிலிருந்து லொறிகள் வந்தபோது அந்தச் சவர்க்காரத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாதை மூடியிருந்ததால் நின்ற வியாபாரம் பாதை திறந்ததும் விழுந்தது. நீ கனடாவுக்கும் லண்டனுக்கும் அனுப்புகிற ஒடியல் மாவை வாங்குபவர்கள் என் வயதுக்காரர்களா, அவர்களுடைய பிள்ளைகளா? ஒடியல் கூழுக்கு ஏங்குபவர்கள் இங்கிருந்து போனவர்கள்தான். அங்கே பிறந்தவர்கள் ஏங்குவார்களா என்பதை நீ இப்போதே விசாரித்துப் பார்க்க வேண்டும். புழுக்கொடியல் மாவில் பிஸ்கற் செய்து பார்க்கிறேன் என்றாயே, அது எந்த அளவில் இருக்கிறது? கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, கேட்பதற்கு வெட்கப்படாதே.

மற்றது, உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன். தை, மாசியில் கிழங்கு கிண்டும்போது கையில் காசு வைத்திருந்து வாங்க வேண்டும்; விற்பதோ ஆண்டு முழுவதும். கிழங்கு விற்பவர் அன்றைக்கே காசு கேட்பார், அவர் கேட்பதும் நியாயம். கொழும்புக் கடைக்காரர் இரண்டு மாதம் கழித்துத் தருவார், சில வேளை அவருடைய செக் திரும்பி வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மாதங்களில்தான் வியாபாரிகள் முறிகிறார்கள். நட்டத்தில் முறிந்தவர்களைவிட, இலாபம் கொப்பியில் இருக்கக் கையில் காசில்லாமல் முறிந்தவர்களே அதிகம். அப்பப்பாவுக்கு நடந்தது கலவரத்தால். ஆனால் அவ்வளவு காசு ஒரே ஊரில் கடனாக நிற்காமல் இருந்திருந்தால் காணியில் பாதியாவது மிஞ்சியிருக்கும். ஆகையால் கடனுக்குச் சரக்குக் கொடுக்காதே. கொடுக்கத்தான் வேண்டுமென்றால், முன்னையதைத் தந்து தீர்க்காதவருக்கு அடுத்ததைக் கொடுக்காதே.

அந்த நடு மாதங்களில் காசு தேடுபவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது நகை. அடைவு வைப்பது பாவமில்லை. இந்தக் குடாநாட்டில் ஒருமுறையாவது அடைவுக்குப் போகாத நகை உள்ள வீடு இருக்குமோ தெரியாது. பவுண் விலை ஏறும் காலத்தில் அதில் ஒரு பொறி இருக்கிறது என்பதற்காகத்தான் சொல்கிறேன். தவணை முடிந்து மீட்கப் போனால், விலை ஏறிவிட்டது, அதே நகைக்கு இன்னும் காசு தரலாம், திருப்பி வையுங்கள் என்பார்கள். ஆட்கள் அதை வருமானம் போலக் கையில் வாங்கிக்கொண்டு வருவார்கள். வட்டி முதலோடு சேர்ந்து கடன் பெருகி, கடைசியில் ஏல அறிவித்தல் கடிதம் வரும்போதுதான் தாங்கள் நகையை விற்றுவிட்டோம் என்பது அவர்களுக்கு விளங்கும். அப்படி யாராவது செய்திருந்தால், தவணை முடியும் திகதியை நாட்காட்டியில் குறித்துவைத்து, திருப்பி வைக்காமல், சிறிது சிறிதாக முதலைக் கட்டிக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். பொதுவாகத்தான் சொல்கிறேன்.

நல்லூர்த் தேருக்கு நீ வந்தபோது வெறுங்கையோடு நின்றாய் என்று அம்மா சொன்னார். சன நெரிசலில் நகை போட்டுக்கொண்டு வரவேண்டாம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார்களே, பிள்ளை புத்தியாகக் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறாள் என்று தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார். பிறகு சின்ன மாமாவின் மகனுடைய கலியாணத்துக்கும் நீ அப்படியே வந்தாய். அதற்குப் பிறகு அம்மா அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அம்மம்மாவின் காப்பு எந்த மடிப்புக்குள் தைத்துக் கொண்டுவரப்பட்டது என்பது உனக்குத் தெரியும், ஆகையால் அதைப் பற்றி நான் மேற்கொண்டு எழுதவில்லை.

ஊழியர் சேமலாப நிதியில் உன் 8 வீதமும் கம்பனியின் 12 வீதமும் சேர்ந்து கிடப்பதை எடுக்க வழியிருக்கிறதா என்று யாரையோ நீ விசாரித்ததாக அறிந்தேன். பெண்களுக்கு 50 வயதுவரை அது தொழில் முதலுக்குக் கிடைக்காது. கிடைக்காமல் இருப்பதே எனக்கு நிம்மதி. வணிகப் பெயரை மட்டும் பதிந்து தொழில் செய்தால் தொழிலின் கடனும் உன் சொந்தக் கடனும் ஒன்றுதான். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் தனியார் கம்பனியாகப் பதிந்தால் அவை வேறாகும். ஆனால் வங்கி பணிப்பாளர் என்ற முறையில் உன்னிடம் சொந்தப் பிணைக் கையொப்பம் கேட்கும், அதைப் போட்டால் பதிந்ததன் பயன் பெரும்பாலும் போய்விடும். அப்படி ஏதும் தாளில் கையொப்பம் போடுவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. இந்த வீட்டின் உறுதிப் பத்திரத்தைப் பற்றி நீ கேட்கவில்லை, கேட்கவும் மாட்டாய் என்பது எனக்குத் தெரியும். கேட்டாலும் அது அம்மாவின் சீதனம், நான் தனியே பதில் சொல்ல முடியாது.

திரும்பி வா என்று நான் எழுதவில்லை என்பதைக் கவனித்துக்கொள். கொழும்பில் உன் பழைய நிறுவனம் உன்னை மறுபடி கூப்பிட்டதாக அம்மாவிடம் சொன்னாயாம். போவதும் போகாததும் உன் விருப்பம். போகாவிட்டால், இந்தத் தை மாதக் கிழங்குக்கு வேண்டிய காசு எங்கிருந்து வரப்போகிறது என்பதை மார்கழிக்கு முன்னமே எனக்குச் சொல். என் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை நான் ஒதுக்கலாம். அதற்கு உன் கணக்கை முதலில் பார்க்க வேண்டும், கடனுக்குச் சரக்குக் கொடுப்பதையும் நீ நிறுத்த வேண்டும்.

அடுத்த மாதம் ஓய்வூதியம் எடுத்த மறுநாள் நானும் அம்மாவும் பூநகரிப் பாதையால் போகிற பஸ்ஸில் மன்னாருக்கு வருகிறோம். சமையல் ஒன்றும் செய்ய வேண்டாம், அம்மா கொண்டுவருவார். கடைகளிலிருந்து வரவேண்டிய காசின் பட்டியல், வங்கிக் கடன் பத்திரம், கட்டட வாடகை ஒப்பந்தம், உன்னிடம் வேலை செய்யும் பெண்களின் சம்பளக் கொப்பி, அடைவுச் சீட்டுகள் ஏதும் இருந்தால் அவை, எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எடுத்து வை. அம்மா திருக்கேதீச்சரத்துக்குப் போக வேண்டும் என்கிறார். அவரைக் கோயிலில் விட்டுவிட்டு, அவர் திரும்பி வருவதற்குள் நாங்கள் இருவரும் அந்தக் கோப்பைப் பார்த்து முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா